கடலில் மிதந்த சிவப்பு விளக்குகள்

ரோட்டர்டாமில் பொழுது சாய்ந்தால் யாரும் ஜன்னல் திரையை இழுத்து மூடுவதில்லை. விளக்கைப் போட்டுவிட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கவே சாப்பிட உட்காருவார்கள். கர்த்தருக்கு முன்பாக ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? சண்டை முடிந்து வருஷம் இரண்டான பிறகும் அந்தத் தெருவில் மூடிக் கிடந்தது லாம்பெர்ட் வீடு ஒன்றுதான்.

லாம்பெர்ட் சின்ன வயதிலேயே பெரிய பயணிகள் கப்பலில் சேர்ந்தவன். சீமாட்டிகளுக்குத் தேநீர் கொண்டுபோவதும் படுக்கை விரிப்பதும் அவன் வேலை. சண்டை வந்ததும் கப்பலுக்குச் சாம்பல் நிறம் பூசி, நடனக் கூடத்தில் சிப்பாய்களைப் படுக்க வைத்தார்கள். அன்றிலிருந்து, இருட்டும் நேரத்தில் அறை அறையாகப் போய், ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியே கசியாமல் ஜன்னல்களின் இரும்பு மூடிகளைத் திருகி இறுக்குவதே அவன் வேலையாயிற்று. சண்டை முடிகிற வரைக்கும் அவனால் ஊர் திரும்ப முடியவில்லை. அவன் மனைவி மாய்க்கே தனியாகப் பட்டினி கிடந்து காத்திருந்தாள்.

திரும்பி வந்த முதல் மாலையே அவன் திரையை இழுத்தான். மாய்க்கே அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு முகம் சிவந்தாள். ஆனால் மறுநாளும் இழுத்தான், அதற்கு மறுநாளும்.

"ஊருக்கெல்லாம் சண்ட முடிஞ்சாச்சு. உங்க வீட்டுக்கு மட்டும் இன்னும் சேதி வரலையாடி?" என்று பக்கத்து வீட்டுக் கோபா குத்திக் காட்டினாள். சபை மூப்பர் வந்தார். கொடுத்த ஒரு பிஸ்கோத்தைத் தின்று, திரையைப் பார்த்தபடியே நெடுநேரம் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் கப்பலுக்குப் புது வர்ணம் அடித்து லாம்பெர்ட்டைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை புறப்பாடு. இனி எல்லா ஜன்னலிலும் விளக்கு எரியும். வேறு வேலை தெரியாதவன்; ஆனாலும் போகிறேன் என்று அவன் வாயில் வரவில்லை. அன்று மாலை மேசையில் சாப்பாடு ஆறிக் கிடந்தது. பொறுக்கமாட்டாமல் மாய்க்கே திரையில் கை வைத்தாள். அவன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"சண்டையப்ப ஒரு நாள் பக்கத்துல வந்த கப்பல் அடிபட்டு முழுகிப் போச்சு. நான் மூடிய இறுக்கப் போனப்ப பாத்தேன். தண்ணியெல்லாம் சின்னச் சின்னதா சிவப்பு வெளக்கு. மிதவைச் சட்டையில மாட்டியிருப்பாங்களே, அது. ஒவ்வொண்ணும் ஒரு ஆளு."

"உங்க கப்பல் நிக்கலையா?"

"நிக்கக் கூடாதுன்னு உத்தரவு. நான் மூடிய இறுக்கிட்டேன். இந்தத் திரையத் தொறந்தா அவங்க வெளிய நிக்கிறாங்க, மாய்க்கே."

அவள் மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நிக்கட்டும். நம்ம வெளக்கையாவது பாத்துட்டுப் போகட்டும்" என்று திரையை விலக்கினாள்.

அவன் தடுக்கவில்லை, நாற்காலியைத் திருப்பி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். "நிக்கிறாங்களா?" என்று கேட்டான்.

வெளியே மழை மட்டும்தான் பெய்துகொண்டிருந்தது. "நான் பாத்துக்கிட்டு இருக்கேன். நீ சாப்பிடு" என்றாள்.

சனிக்கிழமை அந்தி நேரத்தில் லாம்பெர்ட்டை ஏற்றிக்கொண்டு கப்பல் ஜெகஜ்ஜோதியாகப் புறப்பட்டது. பின்பக்கம், கீழ் வரிசையில், லாம்பெர்ட் கவனிக்கும் அறைகளில் ஒரு ஜன்னல் மட்டும் இருட்டாக இருந்தது.

"அங்க பாரு, கப்பலுக்கு ஒரு பல்லு விழுந்துருச்சு" என்றாள், கரையில் மாய்க்கேயோடு நின்ற கோபா.

மாய்க்கே சிரிக்கவில்லை. "தொறந்துடு, லாம்பெர்ட்" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள்.

ஆற்றின் வளைவுக்குச் சற்று முன்னால் அந்த ஜன்னலிலும் வெளிச்சம் வந்தது. அதில் ஒரு தலை நிழலாகத் தெரிந்தது. அது கரைப் பக்கம் திரும்பவில்லை. குனிந்து தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தது.

மாய்க்கே கைகளைக் கோர்த்தாள். அவர்களை அவன் கண்ணில் காட்டாதே என்று கர்த்தரிடம் கேட்பதா, காட்டு என்று கேட்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.