பாட்டிலில் கூடிய எண்ணெய்

என் சமையலறைப் பரணில் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில் ஒன்று இருக்கிறது. அடியில் விரற்கடை அளவு எண்ணெய். கழுத்துக்குக் கீழே ஒட்டிய காகிதப் பொட்டு வெளுத்துவிட்டது. அது நீலப் பொட்டு என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வீடு மாறும்போதெல்லாம் என் மகள் அதைத் தூக்கிப் போடச் சொல்வாள். சரி என்பேன், பெட்டியில் முதலில் வைப்பது அதைத்தான்.

எண்பதுகளின் கடைசியில் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பின் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். எங்கள் டாக்டரம்மா பிரசவத்துக்குப் பேர்போனவர். குடியிருப்பில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். கேடு அந்தக் கைக்கே வந்தது. விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. மார்கழிக் காலையில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விரல் மடங்கிய பிறகுதான் வார்டுக்கு வருவார். மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம். “தையல் முடிச்சு போட முடியாத அன்னிக்கு நான் நின்னுடுவேன் சிஸ்டர்” என்று ஒருமுறை சொன்னார். அந்த நாள் வெகுதூரத்தில் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் நசரத்பேட்டையிலிருந்து ஒரு சித்த வைத்தியர் மூட்டுவலித் தைலத்தோடு வந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. டாக்டரம்மாவோ, முதலில் சோதித்துப் பார்ப்போம் என்றார். மூட்டுவலிக்காரப் பெண்களுக்கு வழக்கமான மாத்திரை, பயிற்சி எதையும் நிறுத்துவதில்லை. அவற்றோடு கூட எண்ணெய். பாதிப் பேருக்கு வைத்தியரின் தைலம், மீதிப் பேருக்கு வெறும் நல்லெண்ணெய். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தோம். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே கற்பூர வாசனை வரச் செய்து, ஒன்றுக்குச் சிவப்புப் பொட்டும் மற்றதற்கு நீலப் பொட்டும் ஒட்டினார் கம்பவுண்டர். எந்தப் பொட்டு எந்த எண்ணெய் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். மூச்சு விட மாட்டார்.

நீங்களும் தடவிக்கொள்ளுங்களேன் என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். “தடவினா நம்ப ஆரம்பிச்சிடுவேன் சிஸ்டர். அப்புறம் எனக்கு வேணுங்கிறதைத்தான் என் கண்ணு பார்க்கும்” என்றார். அந்தத் தைலம் தேற வேண்டுமென்று அவரைவிட ஆசைப்பட்டவர் யாருமில்லை. அதனாலேயே அதை விட்டுத் தள்ளி நின்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் பட்டினி கிடப்பதில் என்ன நியாயம்?

சில வாரங்களில் ஆச்சரியமாக, எல்லோருமே தேவலை என்றார்கள். சிவப்புக்காரர்களும் தேவலை, நீலக்காரர்களும் தேவலை. வைத்தியர் முகம் மலர்ந்தது. டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியது. ஒரு நாள், செம்பரம்பாக்கத்துப் பக்கம் பிறந்த வெல்டரின் மனைவி ஒருத்தி தன் சிவப்புப் பொட்டு பாட்டிலைக் கொண்டுவந்தாள். தீர்ந்திருக்க வேண்டிய எண்ணெய், கொடுத்ததைவிடக் கூடியிருந்தது.

“என்னம்மா, எண்ணெய் குட்டி போட்டுச்சா?” என்றார் டாக்டரம்மா.

“அதுவா? பக்கத்தூட்டு அக்கா இன்னிக்கு ரொம்ப வலிக்குதுன்னு கிண்ணம் எடுத்துகினு வந்தாங்கோ. என்துல கொஞ்சம் ஊத்திக் குடுத்தேன். கிண்ணத்த வெறுமனே குடுக்கலாமான்னு, அவுங்க எண்ணெய ரொப்பிக் குடுத்தாங்கோ. அவுங்களுது நீலப் பொட்டு. ரெண்டும் கலந்தா இன்னும் நல்லாத்தான் கீது!”

திருநெல்வேலியிலிருந்து வந்த அந்தப் பக்கத்து வீட்டு அக்காவும் சோதனையில் இருந்தவர்தான். விசாரித்தால் லைன் வீடுகள் முழுக்க இதே கதை. குழம்பு வந்த கிண்ணத்தை யாரும் வெறுமனே திருப்பித் தராத குடியிருப்பு அது. எங்கெங்கிருந்தோ வந்து ஒரே சுவரின் இரு பக்கமும் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கிண்ணம்தான் சொந்தபந்தம். எண்ணெய்க்கு மட்டும் வேறு சட்டமா போடுவார்கள்? டாக்டரம்மா எல்லாவற்றையும் யோசித்திருந்தார், இதை யோசிக்கவில்லை.

“எல்லாருக்கும் கொறஞ்சிருக்கே டாக்டரம்மா, அதை அப்படியே எழுதுங்க” என்றார் வைத்தியர். நானும் சேர்ந்துகொண்டேன். எழுதிவிட்டால் டாக்டரம்மாவும் உறுத்தலில்லாமல் தடவிக்கொள்ளலாமே. அவர் தன் விரல்களைப் பார்த்தார். “குறைஞ்சது நிஜம். எதனாலன்னு தெரியலையே. மாத்திரையா, பயிற்சியா, தைலமா? இல்ல, தினமும் யாரோ உட்கார்ந்து காலைப் பிடிச்சுவிட்டாங்களே, அதுவா?” ஒன்றும் சொல்வதற்கில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். மறுபடி நடத்த மேலிடம் சம்மதிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பிரசவத்தின்போது அவர் போட்ட முடிச்சு நழுவியது. கூட இருந்த இளைய டாக்டர் போட்டு முடித்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையுமில்லை. ஆனால் சொன்ன சொல் தவறாமல், அந்த மாதமே டாக்டரம்மா வேலையை விட்டார்.

கடைசி நாள் மாலை அவர் அறையை ஒழித்தபோது, அலமாரிக்குப் பின்னால் திறக்காத பாட்டில் ஒன்று அகப்பட்டது. நீலப் பொட்டு. எது என்று சொல்லட்டுமா என்றார் கம்பவுண்டர். “வேணாம். சொன்னா மறுபடியும் டாக்டராயிடுவேன்” என்று சொல்லிவிட்டு, அவர் கோணிப்போன கையை என் பக்கம் நீட்டினார். பாட்டிலைத் திறந்து, எண்ணெய் தொட்டு ஒவ்வொரு விரலாக நீவினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கண்ணை மூடியிருந்தார். “குறையுது சிஸ்டர்” என்றார். அவரோடு இருந்த பழக்கம், “எதனாலம்மா?” என்று என் வாயில் வந்துவிட்டது. சிரித்தார். கையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா போய்ப் பல வருடங்களாகின்றன. இப்போது மழை நாளில் என் விரல்களும் மடங்க மறுக்கின்றன. கம்பவுண்டர் அம்பத்தூரில் மகன் வீட்டோடு இருக்கிறார். ஞாபகசக்தி கொஞ்சமும் மங்கவில்லை. மார்க்கெட்டில் எதிர்ப்படும்போதெல்லாம் பேரன் பேத்தி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறேன். நீலம் எது என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.