வெர்ன் ஹாஸ்கட்டின் கெட்டிக் குண்டுகள்

வெர்ன் அச்சைத் தட்டினான், ஈயக்குண்டு சுடச்சுட வாளித் தண்ணீரில் விழுந்து 'சொய்' என்றது. இன்னொன்று. இன்னொன்று. காலையிலிருந்து இதே சத்தம். சூட்டோடு தண்ணீரில் விழுந்தால்தான் ஈயம் கெட்டிப்படும் என்பது வெர்ன் ஹாஸ்கட்டின் வேதம். "மெத்து ஈயமெல்லாம் தூண்டில் போடுறவனுக்கு, லூவான்" என்பான், மனைவி கேட்காமலேயே.

லூவானுக்குக் காது புளித்துவிட்டது. மரம் அறுக்கும் மில்லிலிருந்து அவன் ஓய்வுபெற்று ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து மொன்டானாவில் அவன் ஏறி இறங்காத டயர் கடை இல்லை. சக்கரத்தில் மாட்டும் ஈயக் கட்டிகளைக் காபி டப்பாவில் வாரிக்கொண்டு வருவான். போதாதென்று, மூடிப்போன அச்சகத்தின் பழைய ஈய எழுத்துகளை வேறு வாங்கி உருக்கிக் கலந்தான். இன்னும் கெட்டியாக வேண்டுமாம்!

முப்பது தடவை சுடுவதற்குள் ரிவால்வரின் குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும். அப்புறம் குறியாவது, மண்ணாவது. சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, லூவானின் செம்புக் கம்பி ஸ்க்ரப்பரைப் பிய்த்து பிரஷ்ஷில் சுற்றிச் சுரண்டுவான். அந்த வீட்டில் சட்டி தேய்க்க ஒரு ஸ்க்ரப்பர் ஒரு வாரம் தங்கியதில்லை.

"கெட்டி பத்தல" என்பான், குழலைக் கண்ணருகே தூக்கி.

லூவான் அதே மில்லின் லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷம் அளவு பார்த்தவள். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "யோவ், உன் குண்டு ஒல்லிய்யா! ரிவால்வர்ல குண்டு போடுற உருளையோட வாயவிடச் சின்னது. அந்தச் சந்துல அனல் புகுந்து ஈயத்த வழிச்சுக் குழல்ல பூசுது. கடைசியா குண்ட ஒரு வளையத்துல தள்ளி அளவு பண்றியே, அதக் கொஞ்சம் பெருசாக்கு. சரியாப் போயிடும்."

"நாப்பது வருஷமாச் சுடுறேன்."

"நாப்பது வருஷமாச் சுரண்டுற."

செப்டம்பரில் கிளப் போட்டி. ஐம்பது இரும்புத் தட்டுகளைச் சுட்டு வீழ்த்தவேண்டும். நாலு வருஷமாக முப்பது வரை முன்னால் நின்று, பிறகு கிளப் கூட்டாளி ஆரினிடம் கோட்டை விடுகிறான். போன வருஷம் தோற்று வந்தவன் பனி கொட்டும்வரை வாயே திறக்கவில்லை. இந்த வருஷம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்: "இந்தத் தடவையும் தோத்தா ரிவால்வர வித்துடுறேன். இந்தப் பக்கமே வரமாட்டேன்."

சொன்னால் செய்கிற மடையன். அதுதான் லூவானுக்குப் பயம். இந்த மனுஷனின் பேச்சோடு மல்லுக்கட்டப் பழகியாயிற்று. அந்த ஊமைத்தனத்தை இன்னொரு தடவை அவளால் தாங்க முடியாது.

வியாழக்கிழமை அவன் பல் டாக்டரிடம் போயிருந்தான். லூவான் கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி வளையத்துக்குள் விட்டுத் தேய்த்தாள். தேய்த்தாள், அளந்தாள், மறுபடி தேய்த்தாள். அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் மூன்று பங்கு, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மரத்துப்போன வாயோடு திரும்பியவன் போட்டிக்கான குண்டுகளை அதில் தள்ள உட்கார்ந்தான்.

"பாத்தியா, கெட்டி ஈயம் எப்படி வழுக்கிட்டு இறங்குது!"

லூவான் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐம்பதில் நாற்பத்தெட்டு. ஆரினுக்கு நாற்பத்தாறு. வெர்ன் ரிவால்வரைத் திறந்து காலி செய்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் குழலைக் காட்டினான். உள்ளே ஒரு பொட்டு ஈயம் இல்லை. "கெட்டி! நான் சொல்லல?" என்று எல்லாரிடமும் அதே பாட்டு. கேட்கக் கேட்க லூவானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் பிக்கப் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

வெர்னும் வந்து ஏறினான். ஆரின் அவன் பக்கத்து ஜன்னலில் சாய்ந்தான். "உண்மையச் சொல்லுடா. என்ன பண்ணின?"

"கெட்டிடா, ஆரின். நல்லா கெட்டியாக் காய்ச்சணும்."

கடவுளே, இந்த மனுஷனை என்ன செய்வது! லூவான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது ஆரினின் கண்ணுக்குப் படாமல் வெர்னின் கை இந்தப் பக்கம் நீண்டது. அவள் வலது கையைத் தேடிப் பிடித்து, உப்புத்தாள் உரசிப் புண்ணாகியிருந்த விரல்நுனிகளை ஒவ்வொன்றாக மெல்லத் தடவியது. அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆரினிடம் பேச்சை நிறுத்தாமலே, அவன் அந்தக் கையை மறுபடி தேடிப் பிடித்தான்.