உலகம்மை தின்ற முட்டை

எங்கள் வீட்டில் பப்படம் பொரிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. காரணம் என் மனைவி உலகம்மை. நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் புண் கட்டும் பிரிவில் நர்ஸ். டாக்டர்கள் புண்ணை சென்டிமீட்டரில் அளந்து எழுதுவார்கள். இவள் பப்படத்தில் அளப்பாள். “இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு கேட்டியளா, முதுகுல பெரிய பப்படம் அளவுக்கு” என்று சொல்லிக்கொண்டே என் தட்டில் ரசத்தை ஊற்றுவாள். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ரத்தம் என்று கேட்டாலே எனக்குக் கண் இருட்டும். எனக்கு இப்படி ஒருத்தி வாய்த்தது யார் செய்த கணக்குப் பிழையோ.

ஆள் குள்ளம், குரல் நெடியது. எங்கள் வீடு இருக்கும் கரமனையில் பஸ் ஏறினால் கண்டக்டரின் விரல் கொப்புளத்தை விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவாள். சைவத்தில் மட்டும் என்னைவிடக் கடுமை. கேக்கில் முட்டை இருக்கும் என்று எங்கள் மகள் அஸ்வதியைப் பிறந்தநாளுக்கு அல்வா வெட்ட வைத்த மகராசி.

அவளிடம்தான் லிங்கராஜ் வந்து சேர்ந்தான். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவன், பட்டாளத்துக்காரன். எல்லையில் குண்டுச் சிதறல் பாய்ந்து இடது தொடைச் சதை பெரும்பாலும் போய்விட்டது. எலும்பு தப்பியது. ராணுவ ஆஸ்பத்திரியில் பலமுறை கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்து, தோல் ஒட்டுவதற்காக இங்கே அனுப்பியிருந்தார்கள்.

“இது பப்படத்துக்கு அடங்காது” என்றாள் உலகம்மை அன்றைக்கு. “தோசை.” நான் தட்டை நகர்த்திவிட்டேன்.

அவள் விடவில்லை. குண்டுக் காயத்தை உடனே தைத்து மூடக் கூடாதாம். மண்ணும் துணியும் உள்ளே போயிருக்கும், மூடினால் அழுகும். அதனால் திறந்தே வைத்து, புண்ணின் அளவுக்கு நுரைப் பஞ்சை வெட்டிப் பொதிந்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் குழாய் செருகிவிடுவார்கள். ஒரு சின்ன மோட்டார் கசிகிற நீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடியில் புதுச்சதை சிவப்பாக வளர்ந்தால்தான் தோல் ஒட்ட முடியும்.

லிங்கராஜுக்கு அது வளரவில்லை. புண் வெளிறிக் கிடந்தது. இன்னொரு தடவை சீழ் பிடித்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பில் புரதச் சத்து இல்லை, என்ன சாப்பிடுகிறான் என்று பாருங்கள் என்றும் அவர்தான் உலகம்மையிடம் சொன்னார்.

பார்த்தாள். லிங்கராஜுக்கு வருகிற முட்டையும் பாலும் பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த ஓட்டல் தொழிலாளி சுப்புவின் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தன. சுப்புவுக்குக் கன்னம் உப்பிவிட்டது. கொடுத்தவள் லிங்கராஜின் தாய் மாடம்மாள். மகனுக்குக் கஞ்சியும் சுட்ட பூண்டும் மட்டும்.

“புண்ணுக்காரனுக்கு முட்டை, பருப்பு, பாலு ஒண்ணும் ஆகாது சிஸ்டர். சீழ் கோத்துக்கிடும். எங்க வீட்டுக்காரரு புண்ணு பத்தியத்துலதான் ஆறிச்சு.”

“நீ பட்டாளத்துக்காரன்தானே, சொல்லக் கூடாதா?” என்று உலகம்மை மகனைக் கேட்டாள்.

“சொன்னா அம்மா அழும் சிஸ்டர்” என்றான் அவன். குண்டுக்குப் பயப்படாதவன் இதற்குப் பயந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கட்டு மாற்றும்போது உலகம்மை மாடம்மாளைத் திரைக்கு உள்ளே கூப்பிட்டாள். அதுவரை அவள் மகனின் புண்ணைப் பார்த்ததில்லை. பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“தேயிலையைக் கவாத்து வெட்டுனா உரம் வைப்பீங்கல்லா அக்கா? இல்லேன்னா கொழுந்து வருமா? இங்கயும் டாக்டர் வெட்டியாச்சு. உரம்தான் வைக்கணும்.”

மாடம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

“நீங்க முட்டை திம்பியளா?”

“நாங்க சைவம்.”

“பாத்தியளா. ஒங்க வழக்கத்த நீங்க விட மாட்டிய. எங்க வழக்கம்னா நான் மட்டும் விடணும். அதுல தப்பில்லேன்னா மொதல்ல நீங்க தின்னுங்க. பொறவு எம்புள்ளைக்கு நான் தாரேன்.”

அதற்குப் பிறகு நடந்ததை உடனிருந்த நர்ஸ் ராகேல் சொல்லித்தான் முழுதாகத் தெரியும். உலகம்மை பேசாமல் நிற்பதை வார்டு அன்றைக்குத்தான் பார்த்ததாம். கையைக் கழுவினாள். வேகவைத்த முட்டை ஒன்றை எடுத்து உரித்தாள். “முருகா” என்று சொல்லிக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினாள். மாடம்மாள் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுவதும் தின்று தண்ணீர் குடித்த பிறகு, தட்டில் கிடந்த இன்னொரு முட்டையை மாடம்மாள் உரித்து மகன் வாயில் வைத்தாள்.

அன்று மாலை உலகம்மை வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தாள். ஈரத் தலையோடு என் முன்னால் நின்று, ஒளிக்காமல் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா?

“இத்தனை வருஷத்துச் சைவம். யாரோ ஒருத்தன் காலுக்காகவா?”

“காலுக்காகத்தான். சைவத்த நான் நாளைக்கும் பிடிச்சுக்கிடலாம். கால் மறுபடி முளைக்காது.”

நான் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் ரசம் மட்டும்தான் கொதித்தது என்று சொல்ல மாட்டேன். அவளும் புண்ணைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ வருஷம் நான் வேண்டிக்கொண்ட அமைதி அது. கிடைத்தபோது சோறு இறங்கவில்லை. கடைசியில் நானே கேட்டேன்.

“அந்தத் தோசை என்னாச்சு?”

“சிவந்துட்டு வருது” என்றாள். உடனே மடை திறந்துவிட்டது. சாப்பிட்டு முடிப்பதற்குள் தொடையின் நீள அகலம் எனக்கு மனப்பாடம்.

வலது தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி இடது தொடையில் ஒட்டினார்கள். பிடித்ததா என்று சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால்தான் தெரியும். பிரித்த அன்று அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினேன்.

“பிடிச்சிட்டு” என்றாள். “அவ்வளவும் பிடிச்சிட்டு.”

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜும் மாடம்மாளும் பொன்முடியிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வாசற்படி செங்குத்து. நானே கம்பியைப் பிடித்துத்தான் ஏறுவேன். அவன் லேசாகச் சாய்ந்து நடந்தான், ஆனால் கம்பியைத் தொடாமல் ஏறி வந்தான். பின்னால் வந்த தாய் ஒரு பையை நீட்டினாள். தேயிலைத் தூள் பொட்டலம். அதற்கு மேல் வைக்கோல் பொதிந்து, அவள் வளர்த்த கோழியின் முட்டைகள்.

உலகம்மை என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டு வாசலை முட்டை தாண்டியதே இல்லை. நான் அவன் காலைப் பார்த்தேன். பிறகு, ஒன்றும் உடைந்துவிடக் கூடாதே என்று, பையை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.