வெறுங்கூடை

எழுபதுகளில் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த என் அக்கா, கைக்குழந்தை இறந்தபின் வீட்டை விட்டு இறங்கவே இல்லை. தோட்டத்து டாக்டர் மாத்திரை கொடுத்து, "தினமும் நடக்கணும்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண் வேலையில்லாமல் நடந்தால், புத்தி பேதலித்துவிட்டது என்று கதை கட்டிவிடுவார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் அக்கா நடுங்கினாள்.

காலேஜ் லீவில் வந்திருந்த நான் அபாரமான ஐடியா ஒன்று கண்டுபிடித்தேன். முதுகில் வெறும் கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு நடந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

கிளம்பினோம். ஒவ்வொரு வளைவிலும் நான் முன்னால் ஓடி எட்டிப் பார்த்தேன். எதிரே பக்கத்து வீட்டு மதினி வந்தாள்.

"ஏட்டி, ஞாயித்துக்கிழமையில எங்க கூடையோட?"

செத்தோம். லீவு நாள் என்பது இந்த பி.ஏ. மண்டைக்கு உறைக்கவே இல்லை. நான் புளுகுவதற்குள் அக்கா வாயைத் திறந்துவிட்டாள்.

"சும்மாதான் நடக்கேன் மதினி. டாக்டர் சொன்னாரு. ராத்திரி உறக்கமே இல்ல."

மதினி அவளையே பார்த்தாள்.

"எனக்குந்தான் உறக்கம் இல்ல. நில்லு, நானும் வாரேன். கூடைய அந்தக் காலேஜ் தொரைகிட்ட குடு, சுமக்கட்டும்."

அக்கா கூடையைக் கழற்றி என் முதுகில் மாட்டிவிட்டு, வெறுங்கையோடு முன்னால் நடந்தாள்.