மூன்றாவது அழைப்பு

விமானப்படையில் என் வேலை ஆகாயத்தில்தான் என்றாலும், அதைப் பார்க்க எனக்கு ஜன்னல் கிடையாது. ரேடார் விமானத்தின் உள்ளே உட்கார்ந்து, திரையில் நகரும் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு புள்ளி மறைந்தால் பதறக் கூடாது. அதே வேகத்தில் போயிருந்தால் எங்கே இருக்குமோ, அங்கே கருவி அதை வரைந்துகொண்டே இருக்கும். ரேடார் மூன்று முறை சுற்றியும் அகப்படாவிட்டால்தான் ‘காணவில்லை’ என்போம்.

போன மாதம் நான் விடுமுறையில் வேலூர் வீட்டில் இருந்தபோது, என் மனைவி தனியாகச் சோளிங்கர் மலைக்குப் போனாள். நான்கு மணி பஸ்ஸில் ஏறுவதாகச் சொல்லியிருந்தாள். வாலாஜா, ராணிப்பேட்டை என்று மனத்துக்குள் அவளை நகர்த்திக்கொண்டே வந்தேன். ஏழாகியும் வேலூர் வந்து சேரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவதற்கு விரல் போகவில்லை. அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், வாசலில் நின்ற என்னைப் பார்த்துப் பைக்கை நிறுத்தினார்.

“இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

சொன்னேன்.

“இன்னொரு வாட்டி பண்றதுதானே? சும்மா பேஜாராவாதீங்க.”

நம்பரை வாங்கித் தன் போனில் அவரே கூப்பிட்டு, அவள் எடுத்ததும் என்னிடம் கொடுத்தார்.

“ரோப் கார்ல ஒரே கூட்டம். இப்பதான் கீழ வந்து பஸ்ஸுக்கு நிக்கிறேன். போன் பையில இருந்துச்சு. ரெண்டு வாட்டி கூப்ட்டுட்டு விட்டுட்டீங்களே, அவ்ளோதானா?”

போனைத் திருப்பிக் கொடுத்தேன். வேலூர் எல்லைவரை கொண்டுவந்திருந்தவளை மறுபடி சோளிங்கரில் வைத்து, முதலிலிருந்து நகர்த்த ஆரம்பித்தேன்.