குண்டு ரூமில் குடியேறிய சாமி

அதை யாராவது கோயில் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது கோயில் இல்லை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டியதும், வயலுக்கு நடுவே, யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன கான்கிரீட் அறை. ரயில் பாலத்தைக் காவல் காக்கச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு அதற்குள் உட்கார்ந்திருந்தார்களாம். எதிரி வரவே இல்லை. சிப்பாய்கள் போய்விட்டார்கள், அறை நின்றுவிட்டது. எங்கள் ஊரில் அதற்குக் குண்டு ரூம் என்று பெயர்.

ஆண்கள் சீட்டாடக்கூட அங்கே போகமாட்டார்கள், உள்ளே அவ்வளவு வெக்கை. பெண்களான எங்களுக்கு அப்படி இல்லை. அம்மா நாற்று நடுகிறவள். காலேஜ் லீவில் நானும் அவளோடு சேற்றில் இறங்கியிருக்கிறேன். அந்த வெளியில் மறைவுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. குண்டு ரூமின் வாசலுக்கு நேரே ஒரு தடுப்புச் சுவர் உண்டு. அதைச் சுற்றிக்கொண்டுதான் நுழைய வேண்டும். அதனால் கதவு இல்லாவிட்டாலும் வெளியிலிருந்து எதுவும் தெரியாது. ஈரப் புடவை மாற்றுவது, பிள்ளைக்குப் பால் கொடுப்பது, தீட்டு நாளில் துணி மாற்றுவது எல்லாம் அங்கேதான். துப்பாக்கி நீட்ட விட்டிருந்த சந்து வழியே ஒருத்தி ஆள் நடமாட்டம் பார்த்துக்கொள்வாள். அந்தச் சந்துக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

எண்பது வருஷமாக வாயே திறக்காத முனீஸ்வரர், பக்கத்தில் தார் ரோடு வந்ததும் ஓர் ஆடி மாதத்தில் ஒருவர் மேல் இறங்கி, நான் குண்டு ரூமில்தான் இருக்கிறேன் என்றார். உடனே காவி, சூலம், கிரில் கேட், பெரிய பூட்டு. கமிட்டியும் வந்தது. அதன் தலைவர், அம்மா நடவுக்குப் போகும் வயலின் சொந்தக்காரர்.

அந்த நடவில் பெண்கள் வரப்பில் நின்று, ஒருத்திக்கு ஒருத்தி புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு துணி மாற்றினார்கள். ரோட்டில் பைக்கில் போனவன்கள் ஹாரன் அடித்தான்கள். குண்டு ரூம் கேட்டருகே நின்றிருந்த தலைவரிடம் நேரே போனேன்.

"பொம்பளைங்க இனிமே எங்கங்க துணி மாத்துறது?"

"ஏம்மா, இத்தனை வருஷமா எங்க மாத்துனாங்களோ, அங்கயே மாத்திக்கட்டுமே."

"இதுக்குள்ளதாங்க மாத்துனாங்க. தீட்டுத் துணியும் இதுக்குள்ளதான்."

அவர் முகம் மாறிவிட்டது. உறைத்துவிட்டது என்று நம்பினேன். ஓர் ஓலைத் தடுப்பாவது கட்டித் தருவார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பூசாரி வந்தார். சாமிக்குத் தீட்டுப் பட்டுவிட்டதாம். தரையிலிருந்து கூரை வரை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டுமாம். தண்ணீர் சுமக்கத் தலைவர் ஆள் விட்டுக் கூப்பிட்டது என் அம்மாவையும் நடவுப் பெண்களையும்தான்.

"போகாதம்மா," என்று கத்தினேன்.

"போகலைன்னா நாளைக்கு நடவுக்கு யாரு கூப்புடுவா?" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கேட்டுக்கு வெளியிலேயே அவளை நிறுத்திக் குடத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.