வேலியோர வரிசை

என் வீட்டுக்காரரின் உத்தியோகம் செடிகளைத் தவிக்க விடுவது. அதற்கு மாதச் சம்பளம் வேறு. சுரங்கம் தோண்டிப் புரட்டிப் போட்ட பொட்டல் மண்ணில் எந்தப் பாலைவனப் புதர் பிடிக்கும் என்று இவர் கண்டுபிடிக்க வேண்டுமாம். எங்கள் குடியிருப்பை ஒட்டியே கம்பி வேலிக்குள் பன்னிரண்டு ரகம், ரகத்துக்கு ஒரு வரிசை. நட்ட முதல் மாதம் தண்ணீர் உண்டு, அப்புறம் ஒரு சொட்டு கிடையாது. சாகாமல் நிற்பதற்கு ராஜ மரியாதை.

அலுவலகத்தில் இவருக்குப் 'புதர் சார்' என்று பெயர். நேருக்கு நேராகவே கூப்பிடுவார்கள். இவரும் பட்டம் வாங்கினவர் மாதிரித் தலையாட்டுவார்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்து தங்கினார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஒழுகாத குழாய்க்கெல்லாம் வாஷர் மாற்றி முடித்ததும், காலையில் நடக்கக் கிளம்பினார். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தக் கோடையில் மற்ற வரிசைகள் விளக்குமாற்றுக் குச்சிகளாய் நிற்க, வேலியோர வரிசை மட்டும் தழைத்தது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. "இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல" என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தார். என்னைப் பற்றி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, போகட்டும். அலுவலகத்தின் தேர்வுக் குழு ஒத்துக்கொண்டால் பொட்டல் முழுக்க அந்த ரகம்தான். ஓய்வு பெறுவதற்குள் தான் தேர்ந்தெடுத்த ஒரு செடியாவது அங்கே வேர் விட வேண்டும், வேறெந்த ஆசையும் இவருக்கு இல்லை.

குழு கூடுவதற்கு முந்தின நாள், சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "வேலியோரம் இருக்கற செடிங்க தேறிடுச்சா மாப்பிள்ளை?"

"தேறிடுச்சாவா? ஜெயிச்சதே அதுதான் மாமா!"

"ஜெயிக்காம என்ன? பாவம், வாடிக் கெடந்துச்சுங்க. கம்பிக்குள்ள கைய விட்டு, எட்டுற செடிக்கெல்லாம் தினமும் தண்ணி ஊத்திட்டுத்தான வரேன்."

இவர் கையிலிருந்த கவளம் தட்டுக்கே திரும்பியது.

அப்பா கை கழுவ எழுந்ததும் நான் மெல்லச் சொன்னேன். "நம்ம மூணு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? பேசாம இருங்க."

"அங்க கொண்டுபோய் நட்டா செத்துடுமே" என்றார்.

மறுநாள் குழுவின் முன்னால் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு வந்தார், அரிச்சந்திரனுக்குத் தம்பி. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? தலைவர் வயிறு குலுங்கச் சிரித்து, "அதனால என்ன, செடியோட உங்க மாமனாரையும் சேத்து அனுப்பிடுங்க" என்றாராம். சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு மூன்று கோடை ஆகும். இவருடைய வேலையில் மிச்சம் இரண்டுதான். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே அப்பா துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் போய், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினார்.

"வாடுறதப் பாத்தா ஊத்தத்தான் மாமா தோணும்" என்றார். "எனக்கும் தினம் தோணும்."